ஏடு பெயர்த்தல்

மதுரை மாநகரைச் சூழ்ந்த சமவெளி கண்மாய்களின் நாடு. வானம் வழங்கும் நீரை மழைக்காலத்தில் ஏற்று, வேனிற்காலத்தில் வயலுக்கு விடுவது கண்மாயின் தொழில். அக்கண்மாய்கள் தனித்தனியே கிடப்பன அல்ல. மேட்டிலுள்ள கண்மாய் நிறைந்ததும், அதன் மிகுதி நீர் கலுங்கின் வழியே மறுகால் பாய்ந்து, பள்ளத்திலுள்ள அடுத்த கண்மாயைச் சென்று சேரும். அது நிறைந்தபின் அதற்கடுத்த கண்மாய் நிறையும். இவ்வாறு ஒன்றினின்று ஒன்றுக்குப் பெயர்ந்து செல்வதனாலேயே ஒரு மழை பல ஊர்களை வாழ்விக்கிறது. அறிவின் இயல்பும் இதுவே அன்றோ? இவ்வுண்மையை மதுரையில் வாழும் முதிய தமிழாசிரியர் ஒருவர், தம் வீட்டுக் கணினியின்முன் அமர்ந்து உணர நேர்ந்தது.

ஆசிரியர் பணியில் இருந்த நாளில், விடுமுறைதோறும் மிதிவண்டியில் ஏறிச் சிற்றூர்களை நோக்கிப் புறப்படுவார். மேலூர்ப் பக்கம் ஒருநாள் செல்வார். உசிலம்பட்டிப் பக்கம் ஒருநாள் செல்வார். திருமங்கலத்தின் கரிசல் நிலங்களையும் சுற்றி வருவார். அங்குள்ள முதிய உழவரிடமும், கண்மாய்நீரைப் பங்கிட்டுப் பாய்ச்சும் நீர்க்கட்டிகளிடமும் உட்கார்ந்து பேசுவார். அவர்கள் வாயிற் பிறக்கும் சொற்களைக் குறித்துக்கொள்வார். மடை, கலுங்கு, மறுகால், வரத்துக்கால், ஊருணி என்னும் சொற்களை அகராதியிற் காணலாம். ஆயினும், நீர் குறைந்த ஆண்டில் எந்த வயலுக்கு முதலில் மடை திறப்பது, கரையில் சிறு கசிவு கண்டால் எதனைக் கொண்டு அடைப்பது, எத்திசையில் மின்னினால் இரவோடு இரவாகக் கலுங்கிற்கு ஓடவேண்டும் என்பனவற்றை அகராதி சொல்வதில்லை. அவற்றைச் சொல்லக்கூடியவர் அம்முதியோரே.

ஓய்வு பெற்றபின், ஆசிரியர் அக்குறிப்புகளையெல்லாம் கணினியில் தட்டச்சுச் செய்து வைத்தார். கணினி பழுதுபட்டு மாற்ற நேர்ந்தபோதெல்லாம், கடைக்காரர் அவற்றைப் புதிய கணினியில் ஏற்றித் தந்தனர். சில ஆண்டுகளில் அக்குறிப்பேடுகளைக் கறையான் அரித்துவிட்டது. சொற்களைச் சொன்ன முதியோருட் பலரும் மறைந்தனர். எஞ்சியிருந்தது கணினியில் உள்ள ஒரே படிதான்.

அக்கணினியோ முதுமையடைந்திருந்தது. அதனை முடுக்கிவிட்டு, ஆசிரியர் செய்தித்தாளில் பாதியைப் படித்து முடித்த பின்னரே அது வேலைக்கு ஆயத்தமாகும். ஒருநாள் அதன் உள்ளிருந்து ‘டிக், டிக்’ என்னும் ஓசை எழத் தொடங்கியது. பதினொன்றாம் வகுப்பிற் பயிலும் அவருடைய பெயர்த்தி, காதைப் பெட்டியருகே வைத்துக் கேட்டாள்.

“தாத்தா! கணினி முழுவதும் கெட்டுவிடவில்லை. உள்ளே இருக்கும் வன்தட்டுத்தான் தளர்ந்துவிட்டது. அதற்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. ஒன்று வாங்கிப் பொருத்தினால் போதும், இந்தக் கணினியே இன்னும் சில ஆண்டுகள் விரைந்து உழைக்கும்” என்றாள்.

“அது என்ன அம்மா? விளங்கும்படி சொல்” என்றார் ஆசிரியர்.

அவள் விளக்கினாள். கணினியில் நாம் எழுதுவனவும் அதனை இயக்கும் முறைமையும் ஓரிடத்திற் பதிந்திருக்க வேண்டும். பழைய கணினிகளில் அவ்விடம் வன்தட்டாகும். அதனுள் காந்தப் பூச்சுடைய வட்டத் தட்டுகள் உள்ளன. மேசைக் கணினியில் அவை பெரும்பாலும் நிமிடத்திற்கு 7200 முறை சுழல்கின்றன. தட்டின்மேல் ஒரு சிறு முனை, தலைமயிரினும் பன்மடங்கு நுண்ணிய இடைவெளியில் மிதந்தவாறே எழுத்தைப் படிக்கிறது, எழுதவும் செய்கிறது. வேண்டிய இடம் சுழன்று வரும்வரை முனை காத்திருக்க வேண்டும். அக்காத்திருப்பு நொடியின் நூற்றில் ஒரு பங்குதான். ஆனால், கணினி தொடங்கும்போது பல்லாயிரம் இடங்களைத் தேடுவதால், சிறு காத்திருப்புகள் சேர்ந்து பெரிய தாமதமாகின்றன.

இத்தகைய வன்தட்டு முதன்முதலில் 1956ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனத்தாரால் வெளியிடப்பட்டது. அதில் 24 அங்குல அகலமுள்ள 50 தட்டுகள் இருந்தன. அத்தனை பெரிய பொறியில் அடங்கியவை ஏறத்தாழ 50 இலட்சம் எழுத்துகளே. அக்காலத்தில் அதுவே பெரும் வியப்பாக இருந்தது.

எஸ்.எஸ்.டி. என்பதைத் தமிழில் திண்மநிலைச் சேமிப்பகம் எனலாம். அதிற் சுழலும் தட்டும் இல்லை. அசையும் முனையும் இல்லை. சிறு சில்லுகளே உள்ளன. ஒவ்வொரு சில்லிலும் எண்ணற்ற நுண்ணறைகள் உண்டு. மின்னணுக்கள் அவ்வறைகளில் சிறைப்பட்டு நிற்கும் அளவைக் கொண்டே எழுத்துகள் பதிகின்றன. மின்சாரம் நின்ற பின்னரும் அவை அங்கேயே நிற்கும். இவ்வகை நினைவகத்தை உருவாக்கிய ஃபூஜியோ மசுவோகா என்னும் ஜப்பானியப் பொறியாளர், 1984ஆம் ஆண்டில் அதனை உலக அறிஞர்முன் எடுத்துரைத்தார். தேடிச் செல்ல முனை ஒன்று இல்லாமையால், வேண்டிய எழுத்து நொடியின் பதினாயிரத்தில் ஒரு பங்கில் கிடைத்துவிடுகிறது.

ஆசிரியர் வியந்தார்; உடனே அச்சமும் கொண்டார். “பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தால், என் சொற்கள் என்னாகும்?” என்று வினவினார்.

“அவற்றைப் புதியதற்குப் பெயர்த்துக்கொள்ளலாம், தாத்தா.”

‘பெயர்த்தல்’ என்னும் சொல் கேட்டதும் முதியவர் முகம் மலர்ந்தது. “அப்படியானால் இது நமக்குப் பழகிய தொழில்தான்” என்று கூறி, அவர் பழைய வரலாறு ஒன்றைச் சொல்லலானார்.

மதுரையை அடுத்த மாங்குளம் மலைக்குகையில், நெடுஞ்செழியன் என்னும் பாண்டியனின் பெயர் பொறித்த தமிழிக் கல்வெட்டு உள்ளது. அது ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்டது. கல், தன்மேல் எழுதியதைத் தானே காத்துக்கொண்டது. ஆனால், பனையோலைக்கு அவ்வாற்றல் இல்லை. பூச்சி அதனைத் துளைக்கும். ஈரம் அதனை மக்கச் செய்யும். சில நூற்றாண்டுகளில் அது பொடியாகிவிடும். எனினும், ஓலையில் எழுதிய சங்கப் பாட்டு இன்று நம் கையில் இருக்கிறது. எவ்வாறு? ஓலை நைவதற்கு முன்னரே அதனை வேறோர் ஓலையில் யாரோ ஒருவர் பெயர்த்து எழுதினார். அவ்வோலை நைவதற்கு முன் மற்றொருவர் எழுதினார். பெயர் தெரியாத அவ்வெழுத்தாளர்கள் வழிவழியாக எழுத்தாணி பிடித்திராவிடின், தமிழுக்குச் சங்க இலக்கியம் இல்லை.

“ஏடு பெயர்ப்பதில் மூன்று விதிகள் உண்டு” என்றார் ஆசிரியர். “நைந்த ஏட்டை முதலில் எடுக்க வேண்டும், நன்றாக இருப்பது காத்திருக்கும். எழுதி முடித்தபின் ஒருவர் படிக்க மற்றொருவர் பார்த்து ஒப்புநோக்க வேண்டும். ஒப்புநோக்கி முடியும்வரை மூல ஏட்டைக் கைவிடக் கூடாது. பழைய ஏடுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகரத்திற்கும் ஏகாரத்திற்கும் வேற்றுமை தோன்றாது. ஆகையால் ஒரு படியை மட்டும் நம்பி நூலை அறுதியிட முடியாது. சீவக சிந்தாமணியை 1887ஆம் ஆண்டில் அச்சேற்றிய உ.வே. சாமிநாதையர், ஏடுகள் பலவற்றைத் தேடித் தொகுத்து ஒப்புநோக்கிய பின்னரே பதிப்பித்தார். நம் மதுரையிலே 1901ஆம் ஆண்டில் தமிழ்ச் சங்கம் நிறுவிய பாண்டித்துரைத் தேவரும், ஏடுகளையும் நூல்களையும் திரட்டிப் பாண்டியன் புத்தகசாலையை அமைத்தார். அவர்கள் வழியிலேயே நாமும் செய்வோம்.”

பெயர்த்தி அம்மூன்று விதிகளையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டாள்.

முதல் விதிப்படி, நைந்த ஏடு முதலிற் காக்கப்பட்டது. ஓசையிடும் வன்தட்டை முழுவதும் படியெடுக்க முயன்றால், அவ்வுழைப்பைத் தாங்காமல் அது நடுவிலே நின்றுவிடக்கூடும். ஆகையால், சொற்குறிப்புக் கோப்புகளை மட்டும் வெளியே இணைக்கும் ஒரு சேமிப்பகத்திற்கு முதலில் மாற்றினாள். அவை முழுமையாக மாறும்வரை ஆசிரியர் இருக்கையைவிட்டு எழவில்லை. அதன் பின்னரே இருவரும் கடைக்குச் சென்று, 240 ஜிகாபைட் கொள்ளும் எஸ்.எஸ்.டி. ஒன்றும், அதனைப் பொருத்தும் தாங்கியும், சாட்டா வடமும் வாங்கி வந்தனர். அது உள்ளங்கையில் அடங்கும் அளவே இருந்தது.

மறுநாட் காலை வேலை தொடங்கியது. கணினியை நிறுத்தி, மின்வடத்தைச் சுவரினின்று கழற்றினாள். தொடக்கப் பொத்தானைச் சில நொடி அழுத்தி, உள்ளே எஞ்சிய மின்னாற்றலைப் போக்கினாள். பெட்டியின் பக்கத்தகட்டைத் திருப்புளியால் திறந்தபோது, பல்லாண்டுத் தூசு படிந்திருந்தது. அதனை மென்தூரிகையால் அகற்றினாள். பின்னர், பெட்டியின் உலோகச் சட்டத்தை விரலால் தொட்டாள்.

“ஏன் அம்மா தொடுகிறாய்? வணங்குகிறாயா?” என்று கேட்டார் ஆசிரியர்.

அவள் நகைத்து, “நம் உடம்பில் நிலைமின்சாரம் சேர்ந்திருக்கும், தாத்தா. நமக்கு அது தெரிவதில்லை. சில்லுக்கு அதுவே கேடாகிவிடும். உலோகத்தைத் தொட்டால் அது நீங்கிவிடும்” என்றாள்.

எஸ்.எஸ்.டி. இரண்டரை அங்குல வகையைச் சேர்ந்தது. பெட்டியில் உள்ள இடமோ மூன்றரை அங்குலத்திற்கு உரியது. ஆகையால், அதனைத் தாங்கியில் வைத்து நான்கு திருகாணிகளால் முடுக்கி, தாங்கியைப் பெட்டியிற் பொருத்தினாள். தாய்ப்பலகையிலிருந்து சாட்டா வடத்தையும், மின்னூட்டியிலிருந்து மின்வடத்தையும் கொண்டுவந்து இணைத்தாள். இணைப்பின் வாய் ஒருபுறம் வளைந்திருப்பதால் அது ஒரு வகையில்தான் பொருந்தும். பொருந்தாதபோது வலிந்து அழுத்தலாகாது.

அடுத்து அவள் செய்த செயல் ஆசிரியருக்கு வியப்பளித்தது. பழைய வன்தட்டின் வடங்களை அவள் கழற்றிவிட்டாள்.

“இயக்க முறைமையை நிறுவும்போது, எத்தட்டில் நிறுவுவது என்று கணினி கேட்கும். தவறிப் பழைய தட்டைக் காட்டிவிட்டால், அதிலுள்ளன எல்லாம் அழிந்துபோகும். கழற்றி வைத்தால் தவறு செய்ய வழியே இல்லை” என்றாள் பெயர்த்தி. கவனமாக இருப்போம் என்று எண்ணுவதினும், தவறுக்கு இடமில்லாமற் செய்துகொள்வது சிறந்தது என்பதனை முதியவர் அன்று ஓர் இளையவரிடம் கற்றார்.

மின்னிணைப்புக் கொடுத்ததும், பயாஸ் என்னும் தொடக்க அமைப்பிற் புகுந்து, புதிய சேமிப்பகம் அங்கே தோன்றுகிறதா என்று பார்த்தாள்; தோன்றியது. முன்னரே ஆயத்தம் செய்திருந்த விரலியிலிருந்து இயக்க முறைமையை நிறுவினாள். பின்னர்ப் பழைய வன்தட்டை மீண்டும் இணைக்காமலேயே கணினியை முடுக்கினாள். ஆசிரியர் செய்தித்தாளை எடுத்து விரித்தார். முதற்பக்கத் தலைப்பைப் படித்து முடிப்பதற்குள் திரையில் ஒளி தோன்றிவிட்டது.

சில்லில் எழுதுவதற்கும் ஓர் ஒழுங்கு உண்டு. ஓலையிற் கீறிய எழுத்தின்மேல் மறுபடியும் கீற இயலாதவாறு போல, நுண்ணறைகளில் எழுதியதன்மேலும் நேரே எழுத இயலாது. முன்னிருந்ததைத் தொகுதி தொகுதியாக அழித்த பின்னரே புதியதை எழுதவேண்டும். இனி வேண்டாத இடங்கள் எவை என்பதனை இயக்க முறைமை சேமிப்பகத்திற்கு அவ்வப்போது அறிவிக்கும்; அதற்கு டிரிம் என்று பெயர். அவ்வமைப்பு இயங்குகிறதா என்பதனையும் அவள் சரிபார்த்தாள். வன்தட்டுக்குச் செய்வது போலச் சிதறிய கோப்புகளை ஒழுங்குபடுத்தும் வேலை இதற்கு வேண்டுவதில்லை. நுண்ணறைகள் குறிப்பிட்ட தடவைகளே அழித்தெழுதத் தாங்குமாதலால், அவ்வேலை வீணான தேய்வையே தரும்.

இனி, சொற்கள் வரவேண்டியதுதான் எஞ்சியது. வெளிச் சேமிப்பகத்திலிருந்து கோப்புகளைப் புதிய இடத்திற்கு மாற்றி, அவற்றுள் ஒன்றைத் திறந்தாள். திரையிலே தமிழ் இல்லை. பொருளற்ற குறிகளும் ஆங்கில எழுத்துகளும் குவிந்து கிடந்தன. இரண்டாவது கோப்பும் அவ்வாறே இருந்தது; பத்தாவதும் அவ்வாறே இருந்தது. ஆசிரியர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை.

காரணத்தைப் பெயர்த்தியே கண்டுபிடித்தாள். அவர் தட்டச்சுத் தொடங்கிய காலத்தில் தமிழுக்கு எழுத்துருக்கள் பல வழங்கின. அவற்றுட் பல தமக்கெனத் தனி முறையில் எழுத்துகளுக்கு எண் வகுத்திருந்தன. ஓர் எழுத்துருவில் ‘க’ என்பதற்கு உரிய எண், மற்றொன்றில் வேறோர் எழுத்தைக் குறிக்கும். தட்டச்சு நிலையத்தார் அன்று தந்த எழுத்துரு பழைய வன்தட்டில் இருந்தது. புதியதில் அது இல்லை. கோப்புகள் கெடவில்லை, அவற்றைப் படிக்கும் கண்தான் விடுபட்டுப் போயிற்று. அவ்வெழுத்துருவின் பெயரும் ஆசிரியர் நினைவில் இல்லை.

அப்போதுதான் மூன்றாம் விதி கைகொடுத்தது. ஒப்புநோக்கி முடியும்வரை மூல ஏட்டைக் கைவிடலாகாது என்று அவர் கூறியிருந்தமையால், பழைய வன்தட்டு மேசையறையிலேயே பத்திரமாக இருந்தது. அதனை மீண்டும் இணைத்தனர். முதல் முறை அது ஓசையிட்டு அடங்கிவிட்டது; இரண்டாம் முறையும் அவ்வாறே. மூன்றாம் முறை சற்றுநேரம் உயிர்பெற்றது. அந்நேரத்துள் எழுத்துருக்கள் இருந்த தொகுப்பைப் பெயர்த்தி படியெடுத்துக்கொண்டாள். அன்று மாலைக்குப் பின் அது மீண்டும் இயங்கவில்லை.

எழுத்துருவை நிறுவியதும் குறிப்புகள் தமிழாகத் தோன்றின. ஆயினும் ஆசிரியர் அமைதி கொள்ளவில்லை. “நாளை இவ்வெழுத்துரு இல்லாத ஒருவர் திறந்தால், மீண்டும் இக்குப்பைதானே தோன்றும்?” என்றார். அவ்வினா தமிழர் பலருக்கு முன்னரே எழுந்த வினாதான். 1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளன்று ‘மதுரைத் திட்டம்’ என்னும் முயற்சி தொடங்கிற்று. சுவிட்சர்லாந்து நாட்டில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் அதனை ஒருங்கிணைத்தார். பல நாடுகளிலுள்ள தமிழர்கள் ஊதியம் கருதாது இலக்கியங்களைத் தட்டச்சுச் செய்தனர். வேறு சிலர் பிழை திருத்தினர். சங்கம் வளர்த்த நகரின் பெயரையே அம்முயற்சிக்குச் சூட்டினர். அந்நூல்கள் முதலில் திஸ்கி முதலான முறைகளில் அமைந்தன. பின்னர், உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான ஒருங்குறியில் அவற்றையும் பெயர்க்க வேண்டியதாயிற்று. தமிழ்நாடு அரசும் 2010ஆம் ஆண்டில் ஒருங்குறியைத் தரமாக ஏற்றது.

ஆசிரியரின் குறிப்புகளும் ஒரு மாற்றியின் வாயிலாக ஒருங்குறிக்குப் பெயர்க்கப்பட்டன. பழைய முறையில் கொம்பு முதலிலும் மெய் பின்னரும் பதிவாகும். ஒருங்குறியிலோ மெய் முதலில் வரும். மாற்றி சிலவிடங்களில் தடுமாறி, ‘மடை’ என்பதனை ‘மைட’ என்று ஆக்கியிருந்தது. எனவே, இரண்டாம் விதிப்படி ஒப்புநோக்குதல் தொடங்கிற்று. பழைய எழுத்துருப் பக்கத்தைத் திரையின் ஒருபுறமும், ஒருங்குறிப் பக்கத்தை மறுபுறமும் திறந்து வைத்தனர். பெயர்த்தி உரக்கப் படித்தாள். ஆசிரியர் பார்த்துத் திருத்தினார். மாலைதோறும் இப்பணி நடந்தது.

படித்துக்கொண்டே வருகையில் அவள் இடையிடையே நிறுத்துவாள். “வரத்துக்கால் என்றால் என்ன, தாத்தா? அதற்கும் மறுகாலுக்கும் என்ன வேற்றுமை?” என்று கேட்பாள். “கண்மாய்க்கு நீர் கொண்டுவருவது வரத்துக்கால், கண்மாயினின்று மிகுதியைக் கொண்டுசெல்வது மறுகால். வரத்துக்காலை அடைத்தவன் தன் ஊரைக் கெடுப்பான், மறுகாலை அடைத்தவன் அடுத்த ஊரைக் கெடுப்பான்” என்று அவர் விளக்குவார். இவ்வாறு ஒவ்வொரு சொல்லும் திரையினின்று அவள் நெஞ்சிற்கும் பெயர்ந்தது.

பணி முடிந்ததும் படிகள் மூன்றாயின. ஒன்று கணினியில் இருந்தது. ஒன்று வெளிச் சேமிப்பகத்தில் இருந்தது. மற்றொன்று வெளியூரிலுள்ள மகனிடம் சென்றது. எஸ்.எஸ்.டி.யும் சாவாவரம் பெற்றதன்று. அறைகள் தேயும், நெடுங்காலம் மின்சாரமின்றிக் கிடந்தால் சிறைப்பட்ட மின்னணுக்கள் மெல்லக் கசிந்துவிடவும் கூடும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மீண்டும் பெயர்த்தே ஆகவேண்டும். “அடுத்த முறை நான் இல்லாவிடினும் நீ பெயர்க்க வேண்டும்” என்றார் ஆசிரியர். பெயர்த்தி தலையசைத்தாள்.

ஐப்பசி மாதத்து மழை ஓய்ந்த ஒருநாள், அவள் அவரை அழைத்துக்கொண்டு மேலூர்ப் பக்கத்துக் கண்மாய் ஒன்றைக் காணச் சென்றாள். கண்மாய் நிறைந்திருந்தது. கலுங்கின்மேல் வழிந்த நீர் பள்ளம் நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. “தாத்தா, இதுதானே மறுகால்?” என்றாள் அவள். ஆசிரியர் அடுத்த கண்மாய் இருந்த திசையைச் சுட்டிக் காட்டினார்.